பேர் வைத்தால் ஓடிவிடுமா குதிரை?

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்லி மலர்க்குழு நண்பர் பத்து நாளாகத் துரத்தினார். நான் யோசித்துப் பேனாவை எடுப்பதற்குள் நட்பை ஒருவர் எடுத்துக்கொண்டார், தாயன்பை இன்னொருவர் எடுத்துக்கொண்டார், வேலையில்லாத் திண்டாட்டத்துக்கு மட்டும் நான்கு பேர் போட்டி! கடைசியில் எனக்கு மிச்சம் இருந்தது ஒரு குதிரைதான்.

"பாலிடெக்னிக் மலர்ல குதிரைக்கு என்னடா வேலை?" என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. 'ஹார்ஸ் பவர்' என்று பக்கத்துக்குப் பக்கம் படிக்கிறோமே, அந்த உறவு போதாதா? கொஞ்சம் பொறுமையாக வாருங்கள். குதிரையில் ஆரம்பித்து ஃபிட்டிங் ஷாப்பில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறேன்.

தாத்தாவின் தீர்ப்பு

என் தாத்தா ஜட்கா ஓட்டியவர். ரயிலடியில் இருந்து பெரிய கோயில் வரைக்கும் சவாரி. ஊருக்குள் ஆட்டோ வந்த பிறகு வண்டியை விற்றுவிட்டார். ஆனால் குதிரைப் பேச்சை மட்டும் இன்னும் விற்கவில்லை! அவர் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு.

சந்தையில் ஒரு பெண் குதிரை மலிவாக வந்ததாம். ஏன் மலிவு? அதற்குப் பேரே 'சண்டி'. நாலடி போகும், நின்றுவிடும். சாட்டையால் அடித்தால் பின்னங்காலைத் தூக்கும். தாத்தா அதை வாங்கி வந்து, நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்து, 'ராணி' என்று பேர் மாற்றினாராம். ஒரே மாசத்தில் அது ராணி மாதிரியே நடக்க ஆரம்பித்துவிட்டதாம்!

"எல்லாம் பேருலதான்டா இருக்கு. சண்டின்னு கூப்பிட்டா சண்டித்தனம் பண்ணும். ராணின்னு கூப்பிட்டா ராணியா நடக்கும்" என்பது தாத்தாவின் தீர்ப்பு.

இதை நான் விடுதியில் சொல்லப்போக, அன்று இரவு சாப்பாட்டுக் கூடம் இரண்டு கட்சியானது. "தாத்தா சொல்றது நூத்துக்கு நூறு உண்மை" என்று ஒரு கட்சி. "குதிரைக்கு என்னடா தமிழ் தெரியும்?" என்று இன்னொரு கட்சி. ரசம் ஆறிப்போனதுதான் மிச்சம். தீர்ப்பு வரவில்லை. அதற்குப் பிறகு நான் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். அதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

பேருக்கு ஏற்ற குதிரைகள்

முதலில் தாத்தா கட்சிக்குச் சாட்சி சொல்லும் குதிரைகளைக் கூப்பிடுவோம்.

1764 ஏப்ரல் 1-ஆம் தேதி. இங்கிலாந்தில் சூரிய கிரகணம். அன்று பிறந்த ஒரு குதிரைக் குட்டிக்கு 'எக்லிப்ஸ்', அதாவது கிரகணம், என்று பேர் வைத்தார்கள். அது 1769, 1770 ஆகிய ஆண்டுகளில் 18 பந்தயங்களில் ஓடியது. ஒன்றில்கூடத் தோற்கவில்லை! மற்ற குதிரைகளை எல்லாம் கிரகணம் பிடித்த மாதிரி மறைத்துவிட்டது.

அடுத்தது ஃபார் லாப். 1926-இல் நியூசிலாந்தில் பிறந்தது, ஆஸ்திரேலியாவில் ஓடியது. தாய்லாந்து மொழியில் மின்னல் என்று பொருள்படும் சொல்லில் இருந்து வந்த பேர் அது. 51 பந்தயங்களில் 37 வெற்றி. 1930-இல் மெல்போர்ன் கோப்பை. ஆஸ்திரேலியாவில் இன்றைக்கும் அந்தப் பேரைத் தெரியாதவர்கள் குறைவு.

மூன்றாவது, அமெரிக்காவின் மேன் ஓ வார். போர்வீரன் என்றும் போர்க்கப்பல் என்றும் பொருள் கொள்ளலாம். 1917-இல், முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது பிறந்தது. போர்ப் பணிக்குப் போயிருந்த கணவரை நினைத்து, குதிரைக்குச் சொந்தக்காரரின் மனைவி வைத்த பேர். 21 பந்தயங்களில் 20 வெற்றி!

பார்த்தீர்களா? கிரகணம் மறைத்தது, மின்னல் பாய்ந்தது, போர்வீரன் வென்றான். தாத்தா கட்சி மேசையைத் தட்டலாம். ஆனால் சாப்பாட்டுத் தட்டை இன்னும் எடுத்துவிட வேண்டாம். எதிர்க்கட்சிச் சாட்சிகள் வாசலில் காத்திருக்கிறார்கள்.

பேருக்கு ஏறுமாறான குதிரைகள்

மேன் ஓ வார் தோற்ற அந்த ஒரு பந்தயம் 1919 ஆகஸ்டில் நடந்தது. தோற்கடித்த குதிரையின் பேர் 'அப்செட்', அதாவது கவிழ்ப்பு! "ஆகா, இதுவும் பேர் பொருத்தம்தானே" என்று குதிக்காதீர்கள். அந்த இரண்டு குதிரைகளும் வேறு பல பந்தயங்களிலும் மோதின. அந்த ஒரு நாளைத் தவிர மற்ற எல்லா நாளும் கவிழ்ந்தது அப்செட்தான். பேர் ஒரு நாள் பலித்தது, மற்ற நாள் லீவு போட்டுவிட்டதா?

1973-இல் அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களையும் ஒரே ஆண்டில் வென்ற குதிரையின் பேர் செக்ரடேரியட். நம்ம ஊர் மொழியில் சொன்னால் 'தலைமைச் செயலகம்'! எழுதிக் கொடுத்த வேறு பேர்களைப் பதிவு அலுவலகம் நிராகரித்துவிட, அந்தக் குதிரைப் பண்ணையின் பெண் செயலாளர் சொன்ன பேர் இது. செயலகம் என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? கோப்பு மேசை விட்டு மேசை நகர மூன்று மாசம் ஆகும். ஆனால் இந்தச் செயலகமோ ஒன்றரை மைல் பெல்மாண்ட் பந்தயத்தை 2 நிமிடம் 24 விநாடியில் முடித்தது. இரண்டாவதாக வந்த குதிரையைவிட 31 குதிரை நீளம் முன்னால்! அந்த நேரத்தை இன்றுவரை அந்தப் பந்தயத்தில் எந்தக் குதிரையும் முறியடிக்கவில்லை.

நம் நாட்டிலேயே 1970-களில் ஸ்குவாண்டரர் என்று ஒரு குதிரை ஓடியது. பொருள் என்ன தெரியுமா? ஊதாரி! 19 பந்தயங்களில் 18-ஐ வென்றது அந்த ஊதாரி. சொந்தக்காரருக்குச் சேர்த்துக் கொடுத்ததே தவிர, எதையும் அழிக்கவில்லை.

ஜப்பானில் ஹாரு உராரா என்றொரு பெண் குதிரை. 'இதமான வசந்தம்' என்பது மாதிரி அழகான பேர். 1998-இல் இருந்து 2004 வரை 113 பந்தயங்களில் ஓடியது. எத்தனை வெற்றி? பூஜ்யம். வசந்தம் வரவே இல்லை! 2004 மார்ச்சில் நாட்டின் தலைசிறந்த ஜாக்கியே ஏறி ஓட்டியும் பத்தாவதாகத்தான் வந்தது. ஆனால் ஜனங்கள் அதை வெறுக்கவில்லை. விடாமல் ஓடுகிறதே என்று கூட்டம் கூட்டமாகப் பார்க்கப் போனார்கள்.

இன்னும் ஒன்றைச் சொல்கிறேன். 'கிரகணம்' என்ற பேரை நம்ம ஊரில் யாராவது ஒரு குட்டிக்கு வைப்பார்களா? கிரகண நேரத்தில் அடுப்பையே பற்ற வைக்க மாட்டோம். அந்தக் குதிரை இங்கே பிறந்து தோற்றிருந்தால், "பேரைப் பாரு, விளங்குமா?" என்று சொல்லியிருப்போம். அங்கே ஜெயித்ததால் அதே பேர் பெருமையாகிவிட்டது. அதாவது குதிரைதான் பேரை வளர்த்திருக்கிறதே தவிர, பேர் குதிரையை வளர்க்கவில்லை.

ஷோகேஸ் கணக்கு

நம்ம ஒர்க்‌ஷாப் வாசலில் கண்ணாடிப் பெட்டி ஒன்று இருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். உள்ளே பளபளவென்று டொவ்டெயில் ஜாயின்ட், ஸ்டெப் டர்னிங், டேப்பர் டர்னிங் எல்லாம் இருக்கும். அதை மட்டும் பார்த்துவிட்டுப் போகிற பெற்றோர், "இங்க படிக்கிற பசங்க எல்லாரும் கைதேர்ந்தவங்க" என்றுதான் நினைப்பார்கள். நாம் கெடுத்து எறிந்த ஜாப்புகள் எல்லாம் பின்பக்கம் ஸ்கிராப் குவியலில் கிடப்பது அவர்களுக்குத் தெரியாது.

குதிரைப் பேர் விஷயமும் இதே கதைதான். மின்னல், புயல், ராக்கெட் என்று பேர் வாங்கிக் கடைசியாக ஓடிய குதிரைகளை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? அவை எல்லாம் சரித்திரத்தின் ஸ்கிராப் குவியலில் கிடக்கின்றன. ஜெயித்த மின்னலை மட்டும் ஷோகேஸில் வைத்துவிட்டு "பாத்தியா, பேருதான் காரணம்" என்றால் அது கணக்காகாது.

இன்னொரு விஷயம். பந்தயக் குதிரைக்குப் பெரும்பாலும் அப்பா அம்மா பேரை ஒட்டித்தான் பேர் வைப்பார்கள். மேன் ஓ வாரின் மகன் வார் அட்மிரல், அதாவது போர்த் தளபதி. நல்ல ரத்தம், பணக்காரச் சொந்தக்காரர், நல்ல தீனி, நல்ல பயிற்சி... இத்தனையும் அமைந்த குட்டிக்குத்தான் கம்பீரமான பேரும் அமைகிறது. பிறகு அது ஜெயித்தால் புகழ் பேருக்குப் போகிறது! கொள்ளு போட்டவன் ஒருத்தன், கும்பிடு வாங்குவது இன்னொன்று.

அது மட்டுமா? பதிவேட்டில் உள்ள பேரைக் குதிரை காதால் கேட்பதே அபூர்வம். 'மின்னல்' என்று உலகமே கொண்டாடிய ஃபார் லாப்பை, அதைக் கவனித்துக்கொண்ட டாமி வுட்காக் எப்படிக் கூப்பிட்டார் தெரியுமா? 'பாபி'! நம்ம தெருவில் நாய்க்குட்டிக்கு வைக்கிற மாதிரி ஒரு செல்லப் பேர். அந்த மின்னலும் முதல் பந்தயத்தில் கடைசியாக வந்ததுதான். ஐந்தாவது பந்தயத்தில்தான் முதல் வெற்றி. நாலு பந்தயம் வரை மின்னல் எங்கே போயிருந்தது?

தளபதியை வென்ற ரொட்டி

இந்த வழக்கின் முக்கியச் சாட்சி இனிமேல்தான் வருகிறது.

மேன் ஓ வாருக்கு இன்னொரு மகன் உண்டு, பேர் ஹார்ட் டாக். கப்பலில் மாலுமிகள் கடித்துத் தின்னும் கல்லு மாதிரியான ரொட்டிக்கு அந்தப் பேர். அதன் குட்டிக்கும் அதே ரொட்டியின் இன்னொரு பேரையே வைத்தார்கள்: சீபிஸ்கட். உருவமும் சிறிசு. முதல் 17 பந்தயங்களில் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. காய்ந்த ரொட்டி என்ற பேருக்கு ஏற்ற குதிரைதான் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் மறுக்க முடியாது.

1936-இல் சார்லஸ் ஹோவர்ட் என்பவர் அதை வாங்கினார். டாம் ஸ்மித் என்ற பயிற்சியாளரிடம் விட்டார். அதிகம் பேசாத மனிதர் அவர். குதிரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அது தூங்கட்டும், தின்னட்டும், மனசு ஆறட்டும் என்று விட்டுப்பிடித்தார். 1938 நவம்பர் 1-ஆம் தேதி, பிம்லிகோ மைதானத்தில், இரண்டே குதிரைகளுக்கு ஒரு பந்தயம். ஒரு பக்கம், முந்திய ஆண்டு மூன்று பெரிய பந்தயங்களையும் வென்ற வார் அட்மிரல். இன்னொரு பக்கம் சீபிஸ்கட். தளபதிக்கும் ரொட்டிக்கும் சண்டை! நாலு குதிரை நீளத்தில் ஜெயித்தது ரொட்டி.

நண்பர்களே, நாம் ஆய்வகத்தில் என்ன படிக்கிறோம்? ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை, அப்போதுதான் எதனால் எது நடந்தது என்று தெரியும். சீபிஸ்கட் விஷயத்தில் பேர் மாறவில்லை. குதிரை மாறவில்லை. மாறியது அதைப் பிடித்த கை!

இதைப் படித்ததும் எனக்குத் தாத்தா மேல் சந்தேகம் வந்துவிட்டது. விடுமுறைக்குப் போனபோது நேராகவே கேட்டேன்.

"தாத்தா, ராணிக்குப் பேரை மட்டுந்தான் மாத்துனீங்களா?"

வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சொன்னார்: "பேரு மாத்துனேன். அந்தக் கடிவாளத்தையும் தூக்கி எறிஞ்சேன். வாயில புண்ணுடா அதுக்கு. பழைய இரும்பு, ஓரம் கூரா இருந்துச்சு. இழுத்தா வலிக்காதா? நிக்கத்தானே செய்யும்!"

பாருங்கள் கூத்தை! இத்தனை வருஷமாகப் பேர் மாற்றிய கதையை ஊருக்கெல்லாம் சொன்ன தாத்தா, கடிவாளம் மாற்றிய கதையை ஒரு நாளும் சொன்னதில்லை. நான் மடக்கிவிட்ட பெருமையில் சிரித்தேன். தாத்தா விடவில்லை.

"சிரிக்காதடா. அதை வித்தவனுக்கு அந்தப் புண்ணு ஏன் தெரியல? சண்டின்னு பேரு வச்சுட்டான். அப்புறம் வாயைத் திறந்து எதுக்குப் பாக்கப் போறான்?"

என் சிரிப்பு நின்றுவிட்டது.

பேர் வேலை செய்யும் இடம்

அப்படியானால் பேருக்குச் சக்தியே இல்லையா? இருக்கிறது. ஆனால் குதிரையிடம் அல்ல, குதிரையைப் பிடித்திருப்பவனிடம்!

பெர்லின் நகரத்தில் ஏறத்தாழ நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு குதிரை இருந்தது. பேர் ஹான்ஸ். 'புத்திசாலி ஹான்ஸ்' என்றே ஊரில் அழைத்தார்கள். கூட்டல், கழித்தல் கணக்குப் போட்டால் விடையைக் குளம்பால் தட்டிக் காட்டும்! 1907-இல் ஆஸ்கர் ஃபங்ஸ்ட் என்ற ஆய்வாளர் குட்டை உடைத்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால், ஹான்ஸுக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை தன்னை அறியாமல் இம்மி அளவு அசைகிறது. குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்துகிறது. கணக்குத் தெரியாத குதிரைக்கு மனிதனின் முகம் தெரிந்திருக்கிறது!

யோசித்துப் பாருங்கள். தலையின் இம்மி அசைவைப் படிக்கிற பிராணி, சண்டி என்று நினைத்து வருகிறவனின் இறுகிய கையைப் படிக்காதா? கயிற்றை அவன் வெடுக்கென்று இழுப்பதைப் படிக்காதா?

1963-இல் அமெரிக்காவில் ராபர்ட் ரோசந்தால், கெர்மிட் ஃபோடி என்ற இருவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 12 மாணவர்களிடம் ஆளுக்கு ஐந்து எலிகள். பாதிப் பேரிடம், "இது புத்திசாலி இனம், வழிகண்டுபிடிப்பதில் சூரன்" என்றார்கள். மீதிப் பேரிடம், "இது மந்தமான இனம்" என்றார்கள். உண்மையில் எல்லாம் ஒரே மாதிரி எலிகள்தான். ஆனால் முடிவில் 'புத்திசாலி' எலிகள் நன்றாக ஓடின, 'மந்த' எலிகள் பின்தங்கின. எலிக்குத் தன் பட்டம் தெரியாது. ஆனால் புத்திசாலி என்று நம்பியவன் அதை மெதுவாகத் தூக்கினான், பொறுமையாக விட்டான். பட்டம் எலியை மாற்றவில்லை. கையை மாற்றியது, கை எலியை மாற்றியது.

ஆக, நம் சாப்பாட்டுக்கூட வழக்குக்கு என் தீர்ப்பு இதுதான். பேருக்கு ஏற்ப எந்தக் குதிரையும் வளர்வதில்லை. பேருக்கு ஏற்ப மனிதன் நடத்துகிறான். அந்த நடத்தைக்கு ஏற்பக் குதிரை வளர்கிறது, அல்லது தேய்கிறது.

இனி ஃபிட்டிங் ஷாப்

சொன்னபடி இறக்கிவிடுகிறேன்.

முதலாமாண்டில் நான் கணிதத்தில் தவறினேன். அறிவிப்புப் பலகையில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். தலைப்பு 'ஸ்லோ லேர்னர்ஸ்'. பதினான்கு பேர். அதில் ஒன்பதாவது பேர் என்னுடையது. மாலையில் தனி வகுப்பு எடுப்பதற்காகத்தான் அந்தப் பட்டியல். நல்ல எண்ணந்தான், மறுக்கவில்லை. ஆனால் அன்று இரவே விடுதியில் என் சொந்தப் பேர் செத்துப்போனது. "டேய் ஸ்லோ, தண்ணி எடுத்துட்டு வா." "ஸ்லோ வந்துட்டான், பந்தி முடிஞ்சுது." நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் கோபக்காரன் என்று இன்னொரு பேர் வந்துவிடுமே!

பேர் விடுதியோடு நிற்கவில்லை. ஃபிட்டிங் ஷாப் வரைக்கும் நடந்து வந்தது. எம்.எஸ். பிளேட்டைச் சதுரமாக அராவ வேண்டும். நான் அராவிவிட்டு ட்ரை ஸ்கொயர் வைத்துப் பார்த்தால் ஓரத்தில் வெளிச்சம் தெரியும். மறுபடி அராவுவேன், மறுபடி வெளிச்சம். மற்றவர்கள் தப்புப் பண்ணினால், "அரத்தை இப்படிப் பிடி" என்று கை பிடித்துச் சொல்லித் தந்தவர்கள், என் பிளேட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நீ அந்த லிஸ்ட்டுதானே? சரி, முடிஞ்ச வரைக்கும் பண்ணு" என்று நகர்ந்துவிட்டார்கள். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நானும் அதை நம்பிவிட்டேன். கணக்கும் வராது, கையும் வராது என்று டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட அப்பாவுக்குக் கடிதம்கூட எழுதிவிட்டேன். தபாலில் போடவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் வேறு ஷாப்பில் இருந்து ஒருவர் மாற்றாக வந்தார். பட்டியலை அவர் பார்த்ததில்லை. என் பின்னால் வந்து இரண்டு நிமிஷம் பேசாமல் நின்றார். பிறகு கேட்டார்: "தம்பி, வைஸ் உன் முழங்கைக்கு மேல இருக்கே, எப்படி நேரா அராவ முடியும்?"

நான் குள்ளம். வைஸின் தாடை முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும் என்பது ஃபிட்டிங்கில் முதல் பாடம். ஏட்டில் எழுதினேன், எனக்கே தோன்றவில்லை! மூலையில் கிடந்த ஒரு மரப்பலகையைக் காலால் தள்ளி, "இது மேல ஏறி நில்லு" என்றார். ஏறி நின்றேன். அன்று சாயங்காலம் ட்ரை ஸ்கொயர் வைத்தபோது வெளிச்சம் தெரியவில்லை. எனக்குள்தான் வெளிச்சம் தெரிந்தது.

பாதி அங்குலப் பலகை அல்ல நண்பர்களே, மூணு அங்குலப் பலகை. என்னுடைய 'மந்தம்' அவ்வளவு உயரந்தான்! கணிதத்தையும் அடுத்த பருவத்தில் முடித்துவிட்டேன்.

நிழலைப் பார்த்த பையன்

அலெக்சாண்டரின் குதிரைக் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். பியூசிஃபலஸ் என்று பேர். கிரேக்க மொழியில் 'மாட்டுத்தலை' என்று அர்த்தம். யாரையும் ஏறவிடாத முரட்டுக் குதிரை என்று பெரியவர்கள் எல்லாரும் கைவிட்டுவிட்டார்கள். சிறுவன் அலெக்சாண்டர் மட்டும் கவனித்தான், குதிரை தன் நிழலைக் கண்டே மிரள்கிறது என்று. அதன் முகத்தைச் சூரியன் பக்கம் திருப்பினான், நிழல் பின்னால் விழுந்தது, ஏறி உட்கார்ந்தான். இப்படி எழுதிவைத்திருக்கிறார் புளூட்டார்க். கி.மு. 326-இல் போரஸுடன் நடந்த போரை ஒட்டி அந்தக் குதிரை இறந்தபோது, ஜீலம் நதிக்கரையில் அதன் பேரில் ஒரு நகரமே எழுந்தது. மாட்டுத்தலைக்கு ஒரு நகரம்!

'முரடு' என்று பேர் வைத்தவர்கள் அதற்கு மேல் பார்க்கவில்லை. பேர் வைக்காதவன் நிழலைப் பார்த்தான். தாத்தா புண்ணைப் பார்த்தார். ஷாப்புக்கு வந்தவர் முழங்கையைப் பார்த்தார்.

எதிர்வாதம் இல்லாமலா?

"அப்படின்னா பின்தங்குன பசங்களுக்குத் தனி வகுப்பே வேண்டாங்கறியா?" என்று ஒரு நண்பன் கேட்டான். வேண்டும், அவசியம் வேண்டும்! அந்த மாலை வகுப்பு இல்லாவிட்டால் நான் கணிதம் தேறியிருக்க மாட்டேன். என் சண்டை வகுப்போடு அல்ல, தலைப்போடு. 'கணிதம்-1 மாலை வகுப்பு' என்று போட்டால் பாடத்துக்குப் பேர். 'ஸ்லோ லேர்னர்ஸ்' என்று போட்டால் ஆளுக்குப் பேர். பாடம் ஆறு மாசத்தில் முடிந்துவிடும். ஆளுக்கு வைத்த பேர் எப்போது முடியும்?

"பட்டப்பேர் எல்லாம் பாசத்துல வைக்கறதுடா" என்பான் இன்னொருவன். உண்மைதான். ஃபார் லாப்புக்கு 'பாபி' என்ற பேர் பாசத்தில் வந்தது. எந்தப் பட்டப்பேர் பாசம், எது பாரம் என்று அதைச் சுமக்கிறவனைக் கேட்டால்தான் தெரியும். வைத்தவனைக் கேட்டால் தெரியாது.

"சரி, எல்லாரையும் ஜீனியஸ்னு கூப்பிட்டா எல்லாரும் தேறிடுவாங்களா?" என்று கேட்டவனும் உண்டு. மாட்டார்கள். இனிமையான வசந்தம் 113 தடவை தோற்றதை மறந்துவிடாதீர்கள். எங்கள் வகுப்பில் 'கம்ப்யூட்டர்' என்று பேர் வாங்கிய நண்பன் இருக்கிறான். சந்தேகம் கேட்க எழுந்தால், "கம்ப்யூட்டருக்கே தெரியலையா?" என்று சிரிப்பார்கள் என்று பயந்து, வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பான். உயர்ந்த பேரும் ஒரு கடிவாளந்தான்.

வெளியே நமக்கெல்லாம் சேர்த்து ஒரு பேர் உண்டு. பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் கேட்பார், "டிப்ளமாவா? இன்ஜினியரிங் கிடைக்கலையா தம்பி?" அந்தப் பேர் எவ்வளவு சுடும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். சுட்ட கையே இன்னொருவனைச் சுடலாமா?

மூன்று வேண்டுகோள்

பேரவைக்கு ஒன்று: அறிவிப்புப் பலகையில் பாடத்தின் பேர் இருக்கட்டும், ஆளுக்கு அடைமொழி வேண்டாம் என்று நிர்வாகத்திடம் பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள். வரவேண்டியவர்களுக்குத் தனித்தனியாகச் சீட்டு கொடுத்தால் போதும். காகிதச் செலவை நாங்கள் கையில் இருந்து போடுகிறோம்!

சீனியர் அண்ணன்களுக்கு ஒன்று: அடுத்த மாசம் முதலாமாண்டு வருகிறார்கள். அவர்களுக்குப் பேர் வைக்கிற உற்சாகத்தில் பாதியை, அவர்கள் நிற்கிற இடத்தில் பலகை வேண்டுமா என்று பார்ப்பதில் செலவழியுங்கள்.

பட்டியலில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று: உங்களுக்கு யார் என்ன பேர் வைத்தாலும், அதை உங்கள் கையால் எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். எங்கே வலிக்கிறது, எது உயரம், எந்த நிழல் பயமுறுத்துகிறது என்று நீங்களே பாருங்கள். பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் வாய் திறந்து கேளுங்கள்.

தாத்தாவிடம் இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: "எல்லாம் சரிடா. ஆனா அதுக்கு ராணின்னு பேரு வச்சதையும் விட்டுடாத. கடிவாளம் அதோட வாய்க்கு. பேரு என்னோட வாய்க்கு. அந்தப் பேரைச் சொல்லிக்கிட்டே எப்படிடா சாட்டைய ஓங்குவேன்?"

தீர்ப்பில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் நண்பர்களே!